மூக்கு சொன்ன பெயர்

மூன்றாவது முழங்காலும் சீழ் பிடித்துவிட்டது என்று தெரிந்த புதன்கிழமை காலையிலிருந்து, அறுவை அரங்கில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

முதல் ஆள் கயத்தாற்றுக்காரர். இரண்டாவது ஆள் தபால்காரர். மூன்றாவது ராஜாமணி டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலடித்துப் பிள்ளைகளை ஓட விட்டவர். மூட்டு மாற்றிய பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது பஞ்சோடு சேர்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. வைத்த மூட்டைக் கழற்ற வேண்டும், ஆறு வாரம் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு நடப்பாரா மாட்டாரா என்பதைச் சொல்லத் தலைமை அறுவை மருத்துவர் கைலாசம் கூடத் தயங்கினார்.

மூன்று பேருக்கும் ஒரே கிருமி. மூன்று பேரையும் அறுத்தது ஒரே இடத்தில், இரண்டாம் எண் அரங்கில்.

திருநெல்வேலி புறவழிச்சாலையை ஒட்டியிருந்த அந்த எலும்பு மருத்துவமனையில் நுண்ணுயிரி ஆய்வகத்துக்குப் பொறுப்பு ஆவுடைநாயகி. நாற்பத்தெட்டு வயது. சந்தேகப்படுவதுதான் அவள் உத்தியோகம். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும் மேசையைப் பார்த்தாலும், இதன் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறதோ என்றுதான் அவள் மனசு போகும். முன்பெல்லாம் வாரம் ஒரு நாள் அரங்குக்குள் போய், மூடி திறந்த வட்டத் தட்டுகளை ஒரு மணி நேரம் அங்கங்கே வைத்துவிட்டு வருவாள். காற்றில் மிதப்பது தட்டிலிருக்கும் கூழில் வந்து விழும். இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்தால் பொட்டுப் பொட்டாக முளைக்கும். எண்ணிப் பார்த்து, இந்த அரங்கில் அறுக்கலாம், அறுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பாள்.

2040-இல், அரங்குக் காற்றைக் கருவிதான் சோதிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. அதோடு மூக்கும் வந்தது.

கருவிக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. கூரையில் நான்கு சிறு துளைகளால் ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் அதை மூக்கு என்றார்கள். எத்தனை கிருமி என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. யாருடைய கிருமி என்றும் சொன்னது. ஒவ்வொருவர் தோலிலும் வாயிலும் மூக்கிலும் குடியிருக்கும் கிருமிக் கூட்டம் கைரேகை மாதிரி. ஒருவருடையது போல் இன்னொருவருக்கு இருக்காது. கருவியைப் பொருத்தியபோதே அரங்கில் புழங்கும் முப்பத்தாறு பேரிடமும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டார்கள். ஆய்வகத்துக்காரர்கள் இனி உள்ளே வரவே தேவையில்லை என்பதால் அவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஆவுடையின் வேலை, மூக்கு அனுப்பும் ஒரு பக்கச் சுருக்கத்தில் கையெழுத்துப் போடுவது.

வியாழக்கிழமை காலை சுருக்கம் வந்தது. "அரங்கு 2. அதிகப் பங்கு: நபர் 22."

நபர் 22 என்றால் சுடலைமுத்து. அரங்கைத் துடைத்துக் கழுவுகிறவர். ஆவுடை கையெழுத்துப் போட்டாள். மத்தியானத்துக்குள் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் சண்டை போடவில்லை. போகிற வழியில் கேன்டீனில் ஒரு டீ குடித்தார். அவர் படியிறங்கியதும், அவர் குடித்த கிளாஸைக் கேன்டீன்காரர் ஒரு காகிதத்தால் பிடித்துத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டதை, அடுத்த மேசையில் இருந்த ஆவுடை பார்த்தாள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. எல்லோரும் அவரவர் டீயைக் குடித்தார்கள். அவளும்தான்.

ஆனால் அந்தச் சத்தம் அவளை விடவில்லை. ஆய்வகத்துக்கு வந்து சுருக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். அதிகப் பங்கு என்றுதான் இருந்தது. எந்தக் கிருமியில் என்று இல்லை. அரங்கில் எல்லோரையும் விட அதிக நேரம் இருப்பவர் சுடலைமுத்து. குனிந்து, வேர்த்து, தேய்த்து வேலை செய்பவர். தோலிலிருந்து உதிர்வது அவரிடம் அதிகமாகத்தான் இருக்கும். அவர் உதிர்ப்பது யாருடைய முழங்காலுக்கும் கெடுதல் செய்யாத சாதாரணக் கிருமியாகவும் இருக்கலாமே? காலையிலேயே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. இப்போதுதான் தோன்றியது.

முழு அறிக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் நிர்வாக மேலாளர் தளவாயின் அறைக்குப் போனாள்.

தளவாய் நல்ல மனிதர் என்றுதான் பெயர். ஐம்பத்தாறு வயதுக்கு இன்னும் கறுப்பாக இருக்கும் மீசை. யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். அரங்குச் செவிலி பூரணிக்கு அவர் தாய்மாமா. அவளை இங்கே வேலைக்குச் சேர்த்தவரும் அவர்தான்.

"முழு அறிக்கையா? அது எதுக்கு மேடம்?" என்றார். "யாருன்னு தெரிஞ்சுபோச்சு, ஆள அனுப்பியாச்சு. அதுக்கு மேல என்ன தோண்டப் போறீய?"

"சுருக்கத்துல கிருமி பேரு இல்லையே சார். அவருதான்னு எத வச்சுச் சொல்லுதோம்?"

"மூக்கு சொல்லுது. நம்ம எங்க சொல்லுதோம்?"

"நாந்தான சார் கையெழுத்து போட்டிருக்கேன்."

தளவாய் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "முழு அறிக்கையெல்லாம் கம்பெனிக்காரன் வச்சிருப்பான். நமக்கு வாரதில்ல. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க மேடம். தேவையில்லாம மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீய."

அவர் பொய் சொல்கிறார் என்று ஆவுடைக்குப் பட்டது. முழு அறிக்கை மருத்துவமனைக்கு வரும் என்று கருவியைப் பொருத்திய நாளில் கம்பெனிக்காரர்களே சொல்லியிருந்தார்கள். இவர் எதையோ மறைக்கிறார். எதை மறைப்பார்? நிர்வாகி மறைப்பது என்றால் நிர்வாகத்தின் குற்றமாகத்தான் இருக்கும். இரண்டாம் அரங்கின் காற்றுவடிகட்டி! அதை மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. வடிகட்டி கிழிந்து, வெளிக்காற்று உள்ளே இறங்கி, மூன்று பேர் முழங்கால் போயிருக்கிறது. பழியைக் கொண்டுபோய்த் துடைக்கிறவர் தலையில் கட்டிவிட்டார்கள். யோசிக்க யோசிக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து தளவாய் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தாள். கம்பெனிப் பெயர் போட்ட ஓர் உறையை அவர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, முதல் அறுவைக்கு அரங்கைத் தயார்செய்யும் நேரத்தில், பச்சை உடையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நான்கு வட்டத் தட்டுகளோடு இரண்டாம் அரங்குக்குள் போனாள்.

பூரணி கருவித் தட்டில் கத்திகளையும் இடுக்கிகளையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"என்னக்கா, பழைய கடையத் தெறந்துட்டீயளா?"

"சும்மாதான் புள்ள. கை அரிக்குது."

மேசையின் தலைமாட்டில் மயக்கமருந்துக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த ரூபன் ஒதுங்கி நின்று இடம் விட்டான். அவன் மயக்கமருந்துத் தொழில்நுட்பன். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஆவுடை ஒரு தட்டைக் காற்று இறங்கும் வாய்க்கு நேர்கீழே வைத்தாள். இன்னொன்றைச் சுடலைமுத்துவின் வாளி இருந்த மூலையில் வைத்தாள். மூன்றாவது கருவி மேசை ஓரத்தில், நான்காவது தலைமாட்டில். ஒரு மணி நேரம் கழித்து மூடி எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சூட்டுப்பெட்டியைத் திறந்தபோது அவள் எதிர்பார்த்தது, காற்றுவாய்க்குக் கீழே வைத்த தட்டு நிறைய முளைத்திருக்கும் என்று. அந்தத் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. வாளி மூலைத் தட்டில் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள். ஒன்றும் செய்யாத சாதுக்கள். கருவி மேசைத் தட்டிலும் தலைமாட்டுத் தட்டிலும்தான் தங்க நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு, பொட்டுகள் முளைத்திருந்தன. சோதித்தாள். ராஜாமணி டீச்சரின் முழங்காலில் இருந்த அதே கிருமி.

வடிகட்டியில் குற்றமில்லை. சுடலைமுத்துவிடமும் இல்லை. அப்படியென்றால் தளவாய் எதற்குப் பூட்டி வைக்கிறார்?

கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பிரணவ் என்ற இளைஞன் எடுத்தான்.

"முழு ரிப்போர்ட் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் மேடம் போகுது. ஆனா மூணு மாசத்துக்கு முன்னாடி உங்க மேனேஜர் லெட்டர் குடுத்து, தன்னைத் தவிர வேற யாருக்கும் காட்டக் கூடாதுன்னு பூட்டச் சொல்லிட்டாரு."

"சட்டப்படி ஆய்வகப் பொறுப்பாளர் கேட்டா நீங்க குடுக்கணும் தம்பி."

"குடுக்கணும்தான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அதான்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அனுப்பிட்டேன். உங்களுக்கு வேண்டியது நாலாம் பக்கத்துல இருக்கு. அந்தச் சீழ்க் கிருமி ரெண்டு பேர் மூக்குல குடியிருக்கு. நபர் பதினாலு, நபர் முப்பத்தொண்ணு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வம்சம். ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்குப் போயிருக்கு."

"எப்படிப் போகும்? அரங்குல மொகக்கவசம் போட்டிருக்காங்களே."

"அரங்குல இல்ல மேடம். ஆறாம் பக்கத்தப் பாருங்க. ரெண்டு பேரோட கைரேகையும், அதாவது கிருமி ரேகையும், ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. தோலு, வாயி, எல்லாமே. ஏழு மாசமா மெதுவா மெதுவாக் கலந்திருக்கு. புருஷன் பொண்டாட்டிக்குத்தான் இந்த மாதிரி இருக்கும். ஒரே வீட்ல இருக்காங்கன்னு மிஷினே எழுதியிருக்கு பாருங்க. தொண்ணூத்தேழு சதவீதம் உறுதி." அவன் அதை ஒரு சாதனையைச் சொல்வது போல் சொன்னான். "எங்க சாஃப்ட்வேர்ல அது ஒரு தனி வசதி மேடம். தொத்து எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்க உதவும்னு சேர்த்தோம்."

ஆவுடை போனை வைத்தாள். பதினான்கு பூரணி. முப்பத்தொன்று ரூபன்.

இரண்டு பேருக்கும் ஒரே ஊர். அவர்கள் தெருக்களுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் உட்காரும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ரூபன் தெருப் பையன் ஒருவன் பூரணி தெருப் பெண்ணோடு பேருந்தில் போனான் என்பதற்காக, அவனைக் குளத்தில் மிதக்க விட்டார்கள். பூரணியின் அண்ணன் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு போயிற்று.

பூரணியை மாடிப்படிக்குக் கீழே துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள் ஆவுடை. ஆறாம் பக்கத்தைக் காட்டினாள்.

பூரணி இரண்டு தடவை படித்தாள். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத யாரெல்லாம் பாத்தா?"

"நான் பாத்தேன். கம்பெனிக்காரப் பையன் பாத்தான். அவனுக்கு நீ வெறும் நம்பருதான்."

"ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்க்கா. ஏழு மாசம் ஆச்சு. நான் ஹாஸ்டல்ல இருக்கேன்னு வீட்ல நெனச்சிட்டிருக்காவ. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம தாலியக் கழத்தி வச்சிட்டு ஊருக்குப் போயிட்டு வாரேன். எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா அவங்கள விட மாட்டான். என்னையும்தான்." அவள் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எதையோ நினைத்தவள் போலப் பட்டென்று விட்டுவிட்டாள். "அந்த டீச்சருக்கு எங்களாலயாக்கா? நெசமாவே எங்களாலயா?"

"மூக்குல இருக்குத கிருமி, தோலுக்கு வந்து உதிரும். ஊருல நாலுல ஒருத்தருக்கு இருக்கும். உங்களுக்கே தெரியாது. அஞ்சு நாள் களிம்பு போட்டா போயிரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பூரணி துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள். "எங்க மாமாவுக்குத் தெரியுமா?"

பூட்டிய உறை ஆவுடையின் நினைவுக்கு வந்தது. தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். தெரிந்துகொண்டு எதற்குக் காத்திருக்கிறார்? "தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

களிம்பு விஷயத்தை அன்றைக்கே முடித்தாள். டாக்டர் கைலாசத்திடம் போய், முன்னெச்சரிக்கையாக அரங்கில் இருக்கும் எல்லோருக்கும், அவர் உட்பட, ஐந்து நாள் மூக்கில் களிம்பும் மருந்துக் குளியலும் கொடுத்துவிடலாம் என்றாள். அதுவரை இரண்டாம் அரங்கை மூடலாம் என்றாள். மூன்று முழங்கால்களால் அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தது, உடனே ஒப்புக்கொண்டார். முப்பத்தைந்து பேர் மூக்கில் களிம்பு தடவிக்கொண்டு நடந்தார்கள். கிருமியின் கதை அத்தோடு முடிந்தது.

அறிக்கையின் கதைதான் முடியவில்லை. சுடலைமுத்து குற்றவாளி இல்லை என்று எழுத வேண்டும். அவர் இல்லையென்றால் யார் என்று டாக்டர் கேட்பார். நாலாம் பக்கத்தைக் கொடுத்தால் ஆறாம் பக்கத்தையும் கேட்பார். ஒரு பெயரை விடுவிக்க இரண்டு பெயர்களைக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டும் எந்தக் குளத்தில் போய் முடியும் என்று யார் சொல்ல முடியும்? ஒவ்வொரு நாளும் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் மூடி வைத்தாள். இதற்கிடையில் தளவாயை விடாமல் கவனித்தாள். அவர் பூரணியோடு பேசும்போது இவள் அந்தப் பக்கம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நின்றாள். அவர் போனில் குரலைத் தாழ்த்தினால், ஊருக்குத்தான் பேசுகிறார் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவரே ஆய்வகத்துக்கு வந்தார். கையில் அந்த உறை.

"கம்பெனிப் பையன் போன் பண்ணினான்" என்றார். "முழு அறிக்கைய வாங்கிட்டீயளாமே."

ஆவுடை எழுந்து நின்றாள். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "ஆமா சார், வாங்கிட்டேன். அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, மூணு மாசத்துக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்னு மொத ஆளா நான் போய்ச் சொல்லுவேன்."

தளவாய் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தளர்ந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் ஊருக்குச் சொல்லிருவேன்னா நெனச்சீய?"

அவள் அந்த உறையையே பார்த்தாள்.

"அவ மூணு வயசுல என் தோள்ல ஒக்காந்து தேரு பாத்தவ மேடம். அந்த ஆறாம் பக்கத்தப் பாத்த அன்னைக்கே பூட்டச் சொல்லிட்டேன். அவகிட்டயே சொல்லல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மொகத்துலயே காட்டிருவா. எங்க அக்கா மகனுக்கு மோப்பம் ஜாஸ்தி."

"அப்ப நாலாம் பக்கம்?"

"என்னது?"

"நாலாம் பக்கத்தப் படிச்சீயளா சார்? அந்தக் கிருமி யாருகிட்ட இருக்குன்னு அதுல இருந்துச்சே. மூணு மாசத்துக்கு முந்தியே இருந்துச்சு. அப்ப கயத்தாத்துக்காரர் ஒருத்தருக்குத்தான் வந்திருந்துச்சு. பூட்டாம இருந்தா நான் பாத்திருப்பேன். அஞ்சு நாள் களிம்பு. தபால்காரரும் டீச்சரும் இந்நேரம் நடந்துக்கிட்டிருப்பாவ."

தளவாய் உறையைப் பிரித்தார். நாலாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். எழுத்துக்களைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் எங்க மேடம் வெளங்கும்? எம்புள்ள பேரப் பாத்தேன், மூடிட்டேன்" என்றவர், அந்தப் பக்கத்தின் மேலேயே குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் சந்தேகப்பட்டது சரிதான்; அவர் மறைத்தார். எதற்கு மறைத்தார் என்பதில்தான் அவள் ஒரு தடவை கூடச் சரியாக யோசிக்கவில்லை.

"சுடலைமுத்து?" என்று கேட்டாள்.

"சுருக்கத்துல அவர் பேரு தானா வந்துச்சு மேடம். நான் போடல." உறையை மடித்தார். "வந்தது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். அது நெசம்."

அவர் போன பிறகு ஆவுடை அறிக்கையை ஒரே மூச்சில் எழுதினாள். இரண்டாம் அரங்கில் கிருமி பரவியதற்குக் காரணம் நபர் 22 அல்ல. காற்றுவடிகட்டியைச் சோதிக்கப் பல தடவை அரங்குக்குள் சென்றுவந்த ஆய்வகப் பொறுப்பாளரின் மூக்கில் அந்தக் கிருமி இருந்திருக்கிறது. அவருடைய ரேகை பதிவு செய்யப்படாததால் கருவியால் அடையாளம் காண முடியவில்லை. இப்போது சிகிச்சை எடுத்துக்கொண்டார். கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிர்வாகத்தின் சார்பில் தளவாயும் கையெழுத்திட்டார்.

டாக்டர் கைலாசம் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை தடவை உள்ள போனீங்க? எனக்குத் தெரியாம எப்போ போனீங்க?"

"காலைல. நீங்க வாரதுக்கு முந்தி."

அவர் அவளை ஓர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் களிம்புக்குப் பிறகு அறுத்த பதினாறு பேரில் இதுவரை ஒருவருக்கும் தொற்று இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. "இனிமே நீங்க அரங்குப் பக்கம் வரக் கூடாது. எப்பவும். சரியா?" என்றார்.

"சரி டாக்டர்."

அன்று மாலையே ராஜாமணி டீச்சரின் அறைக்குப் போனாள். டீச்சர் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உங்கள் காலுக்கு நான்தான் காரணம் என்று ஆவுடை சொன்னபோது, அவர் அவளை வெறித்துப் பார்த்துவிட்டு, "போயிருமா. எங்கண்ணு முன்னாடி நிக்காத" என்றார். ஆவுடை போய்விட்டாள். அந்த வார்த்தையை யாராவது ஒருவர் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் பூரணியும் ரூபனும் வேலையை விட்டார்கள். தளவாயின் பழைய நண்பர் ஒருவர் வழியாக, இந்த ஊர்ப் பேச்சே கேட்காத தூரத்தில் ஒரு மருத்துவமனையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எங்கே என்று ஆவுடை கேட்கவில்லை.

சுடலைமுத்து அதற்கு அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். அரங்குக்குப் போகும் முன் ஆய்வக வாசலில் வந்து நின்றார். சலவை செய்த சட்டை, படிய வாரிய தலை. கேன்டீன் வழியாக வந்திருக்க வேண்டும். கையில் டீ, காகித டம்ளரில்.

"வாங்க அண்ணாச்சி. உள்ள வாங்க" என்றாள் ஆவுடை.

அவர் வாசலிலேயே நின்றார். "ரூபன் தம்பி போறதுக்கு முந்தி வீட்டுக்கு வந்துச்சு மேடம். எல்லாத்தையும் சொல்லி, காலுல விழுந்துச்சு. தூக்கி நிறுத்தினேன். பாவம், சின்னஞ்சிறுசுக. நீங்க பண்ணினதுதான் சரி. எவன் கேட்டாலும் எங்கிட்டருந்து ஒரு சொல்லு வெளிய வராது."

ஆவுடை நாற்காலியை விட்டு எழுந்தாள். "உங்களத்தான் அண்ணாச்சி ரொம்ப நாளு..."

"அதில்ல." அவர் குறுக்கிட்டார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தப் புள்ளைக பேர எழுதணுமா வேண்டாமான்னு ஒம்பது நாளு யோசிச்சீயளாம். தம்பி சொல்லிச்சு. எம்பேரு வந்த அன்னைக்கு எவ்வளவு நேரம் யோசிச்சீய?"

ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லலாம். அரை மணி என்று சொல்லலாம். ஒரு மணி என்று சொல்லலாம். ஏற்கெனவே ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இன்னொன்று ஒன்றும் பெரிதில்லை.

"யோசிக்கல அண்ணாச்சி" என்றாள். "வந்ததும் போட்டேன்."

சுடலைமுத்து தலையை ஆட்டினார். அந்தப் பதிலை அவர் முன்னமே வைத்திருந்ததைப் போல இருந்தது. காகித டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்து, அதை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"வாரேன் மேடம். ஒம்பது மணிக்கு ஒரு கேஸ் இருக்காம்."

அவர் நடந்தார். ஆவுடையும் பின்னாலேயே போனாள். ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் போனாள். என்ன என்று தெரியவில்லை. அரங்க வாசலில் தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டை அவர் தாண்டிப் போனார். அவள் அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கதவு மூடியது. உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கதவுக்கு மேலே சின்னத் திரையில் மூக்கின் எண்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. நபர் 22, நபர் 22, நபர் 22.